தகுதியை அளக்கும் படிவத்தில் ஒரு பக்கம் காலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எட்டாவது ஊதியக்குழு 2025-இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து மத்திய அரசு ஊழியர்களைப் பற்றி எழுதப்படுவதெல்லாம் ஃபிட்மென்ட் ஃபேக்டர் (பழைய அடிப்படைச் சம்பளத்தைப் பெருக்கும் எண்) எவ்வளவு, அகவிலைப்படி அடிப்படைச் சம்பளத்தோடு சேருமா, கையில் எத்தனை ஆயிரம் கூடும் என்பவைதாம். நியாயமான கேள்விகளே. அவற்றோடு சேர்த்துக் கேட்டிருக்க வேண்டிய ஒன்றை மட்டும் எவரும் கேட்கக் காணோம். நன்றாக வேலை செய்யும் ஊழியரையும் ஒப்புக்கு வந்து போகும் ஊழியரையும் அரசு எதை வைத்துப் பிரித்தறிகிறது?

அதற்கென்று இருக்கும் முதன்மையான கருவி ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை. அலுவலகங்களில் ஏ.பி.ஏ.ஆர். என்பார்கள், பழைய ஆட்கள் இன்னும் சி.ஆர். என்றே சொல்வார்கள். பதவி உயர்வுக்கும், நெடுநாள் பதவி உயர்வு கிடைக்காதவரின் ஊதிய நிலையை உயர்த்தும் எம்.ஏ.சி.பி. என்ற நிதி மேம்பாட்டுக்கும், வேறு துறைக்குச் சில காலம் போகும் அயல்பணிக்கும், 50 வயதில் நடக்கும் மறுஆய்வுக்கும் இந்தச் சில பக்கங்களைத்தான் புரட்டுகிறார்கள். அவை எப்படி நிரப்பப்படுகின்றன என்பது வெளியே அவ்வளவாகத் தெரியாது.

நடைமுறை இதுதான். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. ஏப்ரல் 15-க்குள் ஊழியர் தன் பகுதியை எழுதித் தர வேண்டும். அவரை நேரடியாக மேற்பார்வையிட்ட அலுவலர் ஜூன் 30-க்குள் மதிப்பெண் போட வேண்டும். அவருக்கு மேலுள்ள மறுஆய்வு அலுவலருக்கு ஜூலை 31, அதற்கும் மேல் ஏற்பு அலுவலர் உண்டென்றால் அவருக்கு ஆகஸ்ட் 31. பிறகு அறிக்கை முழுவதும் ஊழியருக்குக் காட்டப்படும். குறையிருந்தால் 15 நாளுக்குள் முறையிடலாம். குரூப் ஏ எனப்படும் உயர்நிலை அலுவலர்களுக்கு இதெல்லாம் பெரும்பாலும் ஸ்பாரோ என்ற இணையவழியிலேயே நடந்துவிடுகிறது. ஜூன் 30 தாண்டியும் அறிக்கையைத் தொடங்காத அலுவலர், அதில் கருத்து எழுதும் உரிமையையே இழக்கிறார் என்று 2009 பிப்ரவரியில் பணியாளர் மற்றும் பயிற்சித் துறையின் குறிப்பாணை வந்தது. ஆகவே தேதிகள் ஓரளவு காப்பாற்றப்படுகின்றன. கோளாறு தேதியில் இல்லை.

ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண். வேலையின் விளைவுக்கு 40 விழுக்காடு, தனிப்பட்ட பண்புகளுக்கு 30, பணித்திறனுக்கு 30 என்று எடை கொடுத்துக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 8 முதல் 10 என்றால் 'மிகச் சிறப்பு'. 6 முதல் 8-க்குள் 'மிக நன்று'. 4 முதல் 6-க்குள் 'நன்று'. நான்குக்குக் கீழே போனால் பதவி உயர்வுக் கணக்கில் பூஜ்யம்.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஓர் அலுவலருக்கு வேலையின் விளைவில் 5 மதிப்பெண். பண்புகளில் 9, பணித்திறனில் 9. எடை போட்டால் 2.0, 2.7, 2.7, ஆக மொத்தம் 7.4. இன்னொருவருக்கு விளைவில் 9. மற்ற இரண்டிலும் ஆறாறு. 3.6, 1.8, 1.8; ஆக மொத்தம் 7.2. வேலையை முடித்துக் கொடுத்தவர் பின்னால் நிற்கிறார். பாதி வேலையோடு நிறுத்திக்கொண்டு மேலதிகாரியிடம் நல்ல பெயர் எடுத்தவர் முன்னால் நிற்கிறார். இருவருமே 'மிக நன்று' என்பதால் பதவி உயர்வுக் குழுவின் கண்ணில் இருவரும் ஒன்றுதான். பண்புகள் என்ற தலைப்பின் கீழ் வருபவை பொறுப்புணர்வு, கட்டுப்பாடு, தலைமைப் பண்பு, பிறரோடு பழகும் விதம், தோற்றமும் ஆளுமையும் போன்றவை. தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இவற்றை அளக்க முழக்கோல் கிடையாது. மேலதிகாரியின் மனம்தான் கோல். நூற்றுக்கு அறுபது பங்கு அந்தக் கோலிடம் போய்விடுகிறது.

மீதமுள்ள நாற்பது பங்காவது உறுதியாக நிற்கிறதா? அங்கேதான் மிகப் பெரிய ஓட்டை. குரூப் ஏ, பி அலுவலர்களுக்கான படிவத்தின் இரண்டாம் பகுதியில் ஓர் அட்டவணை உண்டு. ஆண்டுக்கான எட்டு முதல் பத்து வேலைகளை முன்னுரிமை வரிசையில் இலக்காக எழுத வேண்டும். எதிரே என்ன சாதித்தார் என்பதை எழுத வேண்டும். இடப்பக்கம் இலக்கு, வலப்பக்கம் சாதனை. இடப்பக்கத்தை ஆண்டுத் தொடக்கத்தில் மேலதிகாரியோடு உட்கார்ந்து பேசி எழுதினால்தான் அதற்கு இலக்கு என்று பெயர். நடப்பதோ வேறு. அடுத்த ஆண்டு ஏப்ரல் 14 மாலை, கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, இரண்டு பக்கத்தையும் ஒரே இருப்பில் எழுதுகிறார்கள். எது முடிந்ததோ அது இலக்காகிறது. முடியாதது படிவத்துக்குள்ளேயே வருவதில்லை. 'கோப்புகள் உரிய காலத்தில் அனுப்பப்பட்டன', 'மேலதிகாரிகளின் உத்தரவுகள் நிறைவேற்றப்பட்டன' என்ற வகை வாக்கியங்கள் போன ஆண்டுப் படிவத்திலிருந்து அப்படியே இடம் மாறுகின்றன. நூறு விழுக்காடு சாதனை! இந்திய ஆட்சிப் பணிக்கான படிவம் இன்னும் ஒரு படி மேல். ஆண்டுத் தொடக்கத்துக்கும் நடுவாண்டுக்கும் தனித்தனிக் கட்டங்களே அதில் இருக்கின்றன. அவையும் ஆண்டு முடிந்த பிறகே நிரம்புகின்றன.

'அரசு வேலைக்கு எப்படி ஐயா இலக்கு வைப்பது, இது என்ன சோப்பு விற்கும் கம்பெனியா' என்று கேட்பவர்கள் உண்டு. வைக்க முடியும். ஒரு அமைச்சகத்தின் பிரிவு அலுவலரை எடுத்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்றக் கேள்விக்கான வரைவு எந்த நாளில் மேலே போனது என்பதற்குப் பதிவு இருக்கிறது. தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு 30 நாள் கெடு. பொதுமக்கள் குறைதீர் தளத்தில் வரும் மனுவுக்கு 2024 முதல் 21 நாள். தணிக்கையாளர் எழுப்பி நிலுவையில் உள்ள ஆட்சேபங்களில், அதாவது தணிக்கைப் பத்திகளில், எத்தனை தீர்ந்தன, நீதிமன்றத்தில் எதிர்வாதப் பத்திரம் வாய்தாவுக்கு முன்பே தாக்கலானதா, இவை எல்லாமே எண்ணிச் சொல்லக்கூடியவை. பிரிவின் நாட்குறிப்பிலும் இ-ஆஃபீஸ் என்ற மின்கோப்பு முறையிலும் இந்த எண்கள் ஏற்கெனவே கிடக்கின்றன. எடுத்து ஏப்ரலில் எழுதிவைக்கத்தான் ஆளில்லை.

எண்ணிக்கை மட்டும் பார்த்தால் என்ன கெடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 21 நாளில் மனுவை முடிக்க வேண்டும் என்று மட்டும் வைத்தால், 'சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு வரி எழுதி இருபதாவது நாளில் மூடிவிடுவார்கள். மனுதாரருக்கு ஓய்வூதியம் வந்திருக்காது; கணக்கில் மனு தீர்ந்திருக்கும். அதனால் மூடிய மனுக்களில் எத்தனை மேல்முறையீட்டுக்குப் போயின என்பதையும் பக்கத்தில் போட வேண்டும். இருக்கையின் கனத்தையும், அதாவது அந்தப் பொறுப்பில் குவியும் வேலையின் அளவையும், பார்க்க வேண்டும். வழக்குகள் குவிந்து கிடக்கும் பிரிவில் பத்தில் ஏழு முடிப்பவர், ஆண்டுக்கு நாலு கடிதம் வரும் பிரிவில் பத்துக்குப் பத்து முடிப்பவரைவிட மேல். இதை ஏப்ரலிலேயே மேலதிகாரி இரண்டு வரியில் எழுதிவைத்தால் பின்னால் தகராறு வராது. எழுதாமல் விட்டால் கனமான இருக்கைக்கு யாரும் வர மாட்டார்கள். அதுதான் இப்போது நடக்கிறது.

சரி, மேலதிகாரிகள் ஏன் குறைத்துப் போடுவதில்லை? இரக்கமும் உண்டு, 'அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது' என்ற எண்ணமும் உண்டு. ஆனால் முதற்காரணம் வேறு. அதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

முன்பு ரகசிய அறிக்கைதான். பாதகமான குறிப்பு இருந்தால் மட்டுமே ஊழியருக்குச் சொல்வார்கள். எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் செயற்பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவருக்கு 1993-94-ஆம் ஆண்டுக்கு 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். மேற்பார்வைப் பொறியாளராக உயரத் தேவைப்பட்டதோ ஐந்து ஆண்டும் 'மிக நன்று'. 'நன்று' என்பது திட்டு இல்லை என்பதால் அவருக்கு அது தெரிவிக்கப்படவே இல்லை. பதவி உயர்வு மட்டும் போய்விட்டது. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம், எந்தக் குறிப்பாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2009 மே 14-ஆம் தேதிக் குறிப்பாணை அதை நடைமுறையாக்கியது. 2013-இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதிசெய்தது. முழுக்க முழுக்கச் சரியான தீர்ப்பு. கண்ணால் காணாத ஒரு சொல்லால் ஒருவரின் வாழ்க்கை நின்றுபோகக் கூடாது.

ஆனால் தீர்ப்பைச் செயல்படுத்தியவர்கள் பாதியோடு நின்றார்கள். மதிப்பெண்ணைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அதற்கு ஆதாரமாக நிற்க வேண்டிய இலக்குப் பக்கத்தைக் கட்டாயமாக்கவில்லை. விளைவு, ஐந்தோ ஐந்தரையோ போடும் அலுவலர் முறையீட்டுக்குப் பதில் எழுத வேண்டும். பிறகு ஊழியர் வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் 'எந்த அடிப்படையில் போட்டீர்' என்ற கேள்விக்கு நிற்க வேண்டும். கையில் காட்ட ஒரு தாளும் இல்லை. எட்டரை போட்டால் ஒரு கேள்வியும் கிடையாது. விதியும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஒன்று, இரண்டு போட்டால் குறிப்பிட்ட தவறுகளைக் காட்டி விளக்க வேண்டும். ஒன்பது, பத்து போட்டால் குறிப்பிட்ட சாதனைகளைக் காட்டி விளக்க வேண்டும். எட்டரைக்கு விளக்கமே தேவையில்லை. எட்டுக்கு மேல் என்றால் மிகச் சிறப்புதானே! எல்லாரும் அங்கே வந்து குடியேறாமல் எங்கே போவார்கள்?

அடுத்த முடிச்சு பதவி உயர்வுக் குழுவில். ஒரு காலத்தில் தேர்வு அடிப்படையிலான பதவிகளில் 'மிகச் சிறப்பு' வாங்கிய இளையவர், 'மிக நன்று' வாங்கிய மூத்தவரைத் தாண்டலாம். 2002 பிப்ரவரி 8-ஆம் தேதிக் குறிப்பாணை அந்தத் தாண்டுதலை நீக்கியது. அப்போதைய 12,000–16,500 ஊதிய விகிதத்துக்கும் அதற்கு மேலும் 'மிக நன்று' என்பது எல்லைக்கோடு. அதற்குக் கீழே 'நன்று'. கோட்டைத் தொட்டால் தகுதியுடையவர், தொடாவிட்டால் தகுதியற்றவர். தொட்ட எல்லாரும் பணிமூப்பு வரிசையிலேயே போவார்கள். பெயர் தகுதி அடிப்படையிலான தேர்வு. உள்ளே இருப்பது பணிமூப்பு, வாசலில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றையும் எட்டரைகளே தாண்டிவிடுகின்றன.

தாண்டுதலைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும் என்று சொல்பவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. மதிப்பெண்ணே நம்பத் தகாததாக இருக்கும்போது, அதை வைத்து ஒருவரை இன்னொருவர் தலைக்கு மேல் ஏற்றினால் வேண்டியவர்தான் ஏறுவார். இத்தனை விழுக்காடு பேருக்கு மேல் 'மிகச் சிறப்பு' போடக் கூடாது என்று கட்டுப்படுத்தும் யோசனையும் அடிக்கடி வருகிறது. நாலு பேர் உள்ள ஒரு பிரிவில் அதை எப்படிச் செய்வது? 'இந்த ஆண்டு உனக்கு, அடுத்த ஆண்டு அவனுக்கு' என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதனால் நல்லவர்தான் நோவார்.

குழுவுக்கு ஏற்கெனவே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் குறைவு. 1989 ஏப்ரல் 10-ஆம் தேதி வழிகாட்டுதல், குழு மொத்த மதிப்பீட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, அறிக்கையில் எழுதப்பட்டவற்றைப் படித்துத் தானே மதிப்பிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அறிக்கையில் மேலதிகாரி சுமார் நூறு சொற்களில் ஒரு சித்திரம் எழுத வேண்டும். வலு, குறை, தனிச் சாதனை, நலிந்த பிரிவினர்பால் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் அதில் வர வேண்டும். ஒரே உட்காரலில் நிறைய பெயர்களைப் பார்க்கும் குழுவுக்கு ஆளுக்கு ஐந்து சித்திரம் படிக்க நேரமேது? நிர்வாகப் பிரிவு தயாரித்துத் தரும் ஒரு பக்க அட்டவணையில் எண்களைப் பார்த்து 'தகுதி' என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறார்கள். படிக்கப்படாது என்று தெரிந்ததால் எழுதுகிறவர்களும் 'நல்ல அலுவலர், கடின உழைப்பாளி' என்று இரண்டு சொல்லோடு முடித்துக்கொள்கிறார்கள்.

மேல்மட்டத்தில் இதற்கு நேர்மாறான கோளாறு. இணைச் செயலர் போன்ற பதவிகளுக்கான பட்டியலில் சேர்க்க, மதிப்பெண்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன என்பதாலேயே, பல தரப்பிலிருந்தும் கருத்துக் கேட்கும் '360 டிகிரி' முறையைக் கொண்டுவந்தார்கள். யார் என்ன சொன்னார் என்பது சம்பந்தப்பட்ட அலுவலருக்குத் தெரியாது. நாடாளுமன்ற நிலைக்குழு 2017-இல் இந்த முறை வெளிப்படையாக இல்லை, அகவயமானது என்று கண்டித்தது. உதவிப் பிரிவு அலுவலருக்கு ஒவ்வொரு எழுத்தையும் காட்ட வேண்டும் என்று சட்டம். நாட்டின் கொள்கையை எழுதும் அலுவலருக்கு மட்டும் பழைய ரகசிய அறிக்கை. தேவ் தத் வழக்கின் நியாயம் ஒரு குறிப்பிட்ட ஊதிய நிலையோடு முடிந்துவிடுமா?

இதோடு ஒட்டியது இடமாற்றம். ஒருவரைப் பற்றி எழுத மேலதிகாரி குறைந்தது மூன்று மாதம் அவரை மேற்பார்வை செய்திருக்க வேண்டும். ஆண்டில் இரண்டு முறை மாற்றினால் அறிக்கை மூன்று துண்டாகும்; எந்தத் துண்டுக்கும் இலக்கு பொருந்தாது. தமிழரான முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் முதலானோர் தொடுத்த வழக்கில் 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சப் பணிக்காலம் வேண்டும், இடமாற்றங்களைப் பரிந்துரைக்கக் குடிமைப் பணிகள் வாரியம் அமைக்க வேண்டும், வாய்மொழி உத்தரவுகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்றது. 2014 ஜனவரியில் இந்திய ஆட்சிப் பணி விதி திருத்தப்பட்டு இரண்டு ஆண்டுக் காலம் எழுத்தில் வந்தது. காரணம் எழுதிவைத்து முன்கூட்டியே மாற்றவும் வழி வைத்திருக்கிறார்கள். 'நிர்வாகக் காரணம்' என்பது காரணமாகிவிடுகிறது.

பணத்தைப் பொறுத்தவரை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஆண்டு ஊதிய உயர்வு அதே மூன்று விழுக்காடு. ஆறாவது ஊதியக்குழு நன்றாகச் செய்பவருக்குக் கூடுதல் உயர்வு என்றது. ஏழாவது, செயல்திறன் சார்ந்த ஊதியம் என்றது. எம்.ஏ.சி.பி.க்கான எல்லைக்கோட்டை 'நன்று' என்பதிலிருந்து 'மிக நன்று' என்று 2016-இல் உயர்த்தினார்கள். முதல் இருபது ஆண்டில் கோட்டைத் தொடாதவருக்கு ஊதிய உயர்வு நிறுத்தப்படும் என்ற பரிந்துரையையும் ஏற்றார்கள். கோடு உயர்ந்தது, கூடவே மதிப்பெண்ணும் உயர்ந்தது.

கடைசியில் கையில் எடுப்பது அடிப்படை விதி 56(ஜே). குரூப் ஏ, பி பணியில் 35 வயதுக்கு முன் சேர்ந்தவரை 50 வயதிலும், மற்றவரை 55 வயதிலும் மூன்று மாத முன்னறிவிப்போடு, அல்லது அந்த மூன்று மாதச் சம்பளத்தோடு, பொதுநலன் கருதி ஓய்வில் அனுப்பலாம். ஒருவரின் பணிப்பதிவு முழுவதையும் பார்த்தே இதைச் செய்ய வேண்டும் என்பது நீதிமன்றங்கள் வகுத்த நெறி. இருபது ஆண்டும் எட்டரை போட்டுவிட்டுத் திடீரென்று 'உபயோகமற்றவர்' என்றால் எந்த நீதிமன்றம் ஏற்கும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். பதிவு இல்லாத இடத்தில் இந்த விதி ஒன்று செயலற்றுக் கிடக்கும், அல்லது வேண்டாதவரைக் கழிக்கும் ஆயுதமாகும். இரண்டுமே கேடு.

'தகுதி' என்ற சொல்லைத் தமிழ் வாசகர்கள் எச்சரிக்கையோடுதான் பார்ப்பார்கள், காரணம் இருக்கிறது. இடஒதுக்கீட்டை எதிர்க்கும்போதெல்லாம் 'தகுதி, திறமை' என்றுதான் பேசியிருக்கிறார்கள். நாங்கள் பேசுவது பணியில் சேர்ந்த பிறகு ஒருவர் செய்யும் வேலையைப் பற்றி. மேலதிகாரியின் மனம்தான் கோல் என்னும் முறையில் அதிகம் நஷ்டப்படுவது, மேலிடத்தில் தெரிந்தவர் இல்லாமல் முதல் தலைமுறையாக அரசுப் பணிக்கு வந்தவர்தான். 'தோற்றமும் ஆளுமையும்' என்ற கட்டத்தில் அவருக்கு ஆறு விழும். அவர் தீர்த்த தணிக்கைப் பத்திகளை எண்ணினால் ஒன்பது விழும். எழுதிவைத்த இலக்கு அவருக்குத்தான் முதல் பாதுகாப்பு.

இதைச் சரிசெய்ய நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் வேண்டியதில்லை. பணியாளர் மற்றும் பயிற்சித் துறை ஒரு குறிப்பாணை போட்டால் போதும். இலக்குப் பக்கத்தை ஏப்ரல் 30-க்குள் இருவரும் கையொப்பமிட்டு ஸ்பாரோவில் ஏற்றிப் பூட்டிவிட வேண்டும். அக்டோபரில் ஒருமுறை திறக்கலாம். வேலை மாறியிருந்தால் காரணத்தோடு திருத்தலாம். அதன் பிறகு யாரும் தொட முடியாது. இடமாற்றம் வந்தால் அன்றைய தேதி வரை நடந்ததை ஒரு வாரத்துக்குள் எழுதிவிட்டுத்தான் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். வேலையின் விளைவில் மட்டும் தனியாக ஆறு எடுக்காதவர், மொத்தம் எவ்வளவு இருந்தாலும், கோட்டைத் தாண்டியவராகக் கருதப்படக் கூடாது. விளக்கம் எழுத வேண்டிய எல்லையை ஒன்பதிலிருந்து எட்டுக்கு இறக்க வேண்டும்.

இன்னொன்று செய்தால் பாதிக் கோளாறு அடங்கும் என்பது எங்கள் எண்ணம். பதவி உயர்வுக் குழுவுக்குப் போகும் அட்டவணையில், ஊழியரின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அதைப் போட்ட அலுவலர் அந்த ஆண்டில் எல்லாருக்கும் போட்ட சராசரியையும் அச்சிட வேண்டும். சராசரி 9.1 உள்ளவர் போட்ட 8.5-க்கும், சராசரி 6.8 உள்ளவர் போட்ட 8.5-க்கும் உள்ள வேறுபாடு குழுவுக்கு ஒரே பார்வையில் தெரியும். இணையவழியில் வந்துவிட்ட அறிக்கைகளுக்கு இந்தக் கணக்கைக் கணினியே போட்டுத் தரும். பெயர் வெளியிட வேண்டாம், யாரையும் தண்டிக்க வேண்டாம். அறிக்கை எழுதுவதையே ஓர் அலுவலரின் இலக்குகளில் ஒன்றாக அவருடைய படிவத்திலும் சேர்த்துவிட வேண்டும்.

எட்டாவது ஊதியக்குழுவிடம் ஊழியர் சங்கங்கள் கொடுக்கும் கோரிக்கை மனுக்களில் இந்த இலக்குப் பக்கத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். சங்கங்கள் தயங்கக் காரணமில்லை. ஏப்ரலில் மேலதிகாரி கையொப்பமிட்ட தாள் இருந்தால், ஜூனில் அவர் நினைத்தபடி மதிப்பெண்ணைக் குறைக்கவும் முடியாது.

இப்படிக்கு,
மத்திய அரசின் நிர்வாகப் பிரிவுகளில் பணியாற்றி ஓய்வுபெற்றோர் சிலர்,
சென்னை.